கலைந்த எழுத்துகளுக்கு எந்தத் தேடல்?

மதுராந்தகத்துக்குச் சற்று வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது கருங்குழி. வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வடலூர்ப் பக்கம், அது வேறு. இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து: கே, ஏ, ஆர், யூ, என், ஜி, யூ, இசட், எச், ஐ. இவற்றை வைத்து ஆங்கிலச் சொற்களைத் தேடித் தரும் தளங்களும் செயலிகளும் ஏராளம். கிடைப்பது குப்பையாக இருந்தால் பெரும்பாலும் தளத்தின் மேல் பிழை இருக்காது. நாம் கேட்க நினைத்தது ஒன்று, கேட்டது வேறொன்று.

கையில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைப்பது தேடலில் முதல் வகை. மிச்சம் விழலாம், வெளியிலிருந்து எதுவும் சேரக்கூடாது. கருங்குழியிலிருந்து கிரெய்ன், ரூயின், ரேக்கிங், ஹைக்கூ எல்லாம் வரும். குருவும் வரும், யூ இரண்டு இருப்பதால். ஸ்கிராபிளுக்கு வேண்டியது இந்தத் தேடல்தான். ஆனால் நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ ஆடுபவருக்கு இது உதவாது. அங்கே ஏழு எழுத்து, நடு எழுத்து கட்டாயம், ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். ஒரு யூ இருந்தாலே குரு செல்லும். ஆகவே ஒரு தளத்தை நம்புமுன், எழுத்தின் எண்ணிக்கையை அது கணக்கில் வைக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரட்டை எழுத்துள்ள ஒரு சொல்லின் எழுத்துகளை, இரட்டித்ததை ஒரு முறை மட்டும் போட்டுக் கொடுத்து, அந்தச் சொல் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, எல்லா எழுத்தும் மிச்சமின்றித் தீரவேண்டிய அனகிராம். இதற்கு நம் மாவட்டத்திலேயே பொருத்தமான ஆள் இருக்கிறார். செங்கல்பட்டில் 1911-ல் பிறந்த ராம் தாஸ் கடாரி, 1958-ல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர். 1971-ல் தி இந்து நாளிதழ் தன் கிராஸ்வேர்டைத் தொடங்கியபோது அதை அமைத்துக் கொடுத்தவரும் இந்த அட்மிரல்தான். அட்மிரல் என்ற ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்தையும் குலைத்து அடுக்கினால் அமில்தார் வருகிறது. ஆமாம், வரி வசூலித்த அதே அமில்தார். கம்பெனிக் காலக் கோட்டையைச் சுமந்த கருங்குழிக்காரர்களுக்கு அந்நியமான உத்தியோகம் அல்ல.

இதைக் கையால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எழுத்துகளை அகர வரிசையில் அடுக்குங்கள்: ஏ, ஏ, டி, ஐ, எல், எம், ஆர். இரண்டு சொற்களுக்கும் வரிசை ஒன்றே. அனகிராம் தேடும் மென்பொருள்கள் பலவும் உள்ளே இதையே செய்கின்றன. அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் இப்படி அடுக்கி வைத்துக்கொண்டால், ஒரே பார்வையில் இணைகள் சிக்கும். பத்து எழுத்தில் இரண்டு ஒன்றாயிருந்தால் 18,14,400 விதமாக மாற்றி அடுக்கலாம். அத்தனையையும் முயல்வது மனிதருக்கும் வீண், கணினிக்கும் வீண்.

ஆனால் அமில்தார் கிடைப்பது சொற்பட்டியலைப் பொறுத்தது. கிராஸ்வேர்ட்காரர்கள் சேம்பர்ஸ் அகராதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை, இப்படிப்பட்ட காலனிக் காலச் சொற்கள் அதில் குடியிருக்கின்றன. பள்ளி அகராதியில் தேடிப் பயனில்லை. ஸ்கிராபிளில் சண்டை வராமலிருக்க ஆட்டத்துக்கு முன்பே பட்டியலைத் தீர்மானியுங்கள். அமெரிக்கப் பட்டியல் சிறியது, காலின்ஸ் பெரியது. காலின்ஸின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள்.

மூன்றாவது, தந்த எழுத்துகள் உள்ளே இருந்தால் போதும், மற்றவையும் வரலாம் என்பது. கே, இசட், எச் மூன்றும் வேண்டும் என்றால் சோவியத் கூட்டுப்பண்ணையான கல்கோஸ் வந்து நிற்கும். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். என், ஜி, யூ மூன்றும் அடுத்தடுத்து வரவேண்டுமா, எங்கேயாவது இருந்தால் போதுமா? அடுத்தடுத்து என்றால் லாங்குவேஜ், பெங்குயின், ஆங்குவிஷ் என்று பட்டியல் அடக்கமாக இருக்கும். எங்கேயாவது என்றால் ஹங்கர், யங், கிரவுண்ட் எல்லாம் புகுந்து திரை நிரம்பிவிடும். லினக்ஸ் தெரிந்தவருக்குத் தளமே வேண்டாம். சொற்கோப்பை கிரெப் கட்டளையால் ஒவ்வோர் எழுத்தாக வடிகட்டினால் போதும், இணையமும் தேவையில்லை.

கட்டங்களில் சில எழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தால், இடம் குறித்துத் தேடுவதே மேல். ஒன்லுக் தளத்தில் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி. ஏ, ஐ, டி, ஆர் நான்கும் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் இடங்களில் என்று கொடுத்துப் பாருங்கள், அமில்தார் தானே வருவார். என் கருத்தில், குறுக்கெழுத்துக்கு அனகிராம் தளத்தைத் திறப்பது அவசரம். இரண்டு குறுக்குச் சொற்களைப் போட்டுவிட்டு இடத்தேடலுக்குப் போனால் விளையாட்டும் மிஞ்சும்.

சாட்பாட்டிடம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவை சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டுகளாகப் பார்க்கின்றன. அதனால் இல்லாத எழுத்தைச் சேர்த்து, இருப்பதைத் தின்றுவிட்டு, தைரியமாகப் பதில் சொல்லும். பொருள் கேட்க, குறிப்பை விளக்கச் சொல்லப் பயன்படுத்தலாம். சொல்லைத் தந்தால், மேலே சொன்ன அகர வரிசை அடுக்கலைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுக் கட்டத்தில் எழுதுங்கள், அதுவும் பேனாவால் வேண்டாம்.