தூரத்து மலைக்கு என்ன நிறம்?

மலை வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் முக்கோணம் போட்டுப் பச்சை தீட்டுவர். ஒரு குழந்தை நீலம் தீட்டினால், "மலை பச்சைதானே?" என்று திருத்தத் தோன்றும். திருத்தும் முன் மலையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

மேட்டுப்பாளையம் பக்கம் நின்று நீலகிரியை எண்ணெய் வண்ணத்தில் நேரில் வரைவது என் விடுமுறை வழக்கம். வெயில் நகர நகர நிழலும் இடம் மாறும். எனவே, டர்பன்டைனில் கரைத்த பழுப்பு வண்ணத்தால் நிழல்களை முதலில் குறித்துக்கொள்வேன். அருகிலுள்ள பாக்குத் தோப்புக்கு அடர்பச்சை. அடிவாரத்துக்குச் சற்று வெளிறிய பச்சை. பின்னால் உயரும் மலைக்கு வெள்ளை கலந்த நீலம். எண்ணெய் வண்ணம் மெதுவாகவே காயும். அதனால் பொருந்தாத நிறத்தைச் சுரண்டியெடுத்து மீண்டும் தீட்டலாம்.

அந்த மலைமீது இருப்பதும் பச்சைக் காடுதான். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தொலைவு கூடக்கூட நீலமும் கூடுகிறது. ஒளிச்சிதறல் பாடத்துக்கும் இந்த ஓவியம் உதவும்.

வகுப்புக்கு நீர்வண்ணமே போதும். அட்டையில் அஞ்சலட்டை அளவுக்குச் செவ்வகத் துளை வெட்டி, அதன் வழியே மாணவர்களைப் பார்க்கச் செய்யுங்கள். மலை இல்லாத ஊரில் தொலைவில் தெரியும் மரவரிசையைக் காட்டலாம். பிறகு மூன்று வினாக்கள்:

1. எது மிக அடர்த்தியான நிறம்?
2. எது மிக வெளிறியது?
3. பச்சை எந்த இடத்தில் மாறத் தொடங்குகிறது?

விடைகளை எழுதிய பின்னரே தூரிகையை எடுக்கட்டும்.

நீல மலை தீட்டிய குழந்தையிடம், "எங்கிருந்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மதிப்பெண் போடலாம்.