பெரிய கடைக்கு எல்.இ.டி. விளக்கும் டிம்மரும்: வாங்குமுன் அறிய வேண்டியவை



புளி மண்டிக்குச் சரக்கு எடுக்க வருபவர், ஒரு கை புளியை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பதை நாம் அறிவோம். கடைக்குள் உள்ள வெளிச்சத்தை அவர் நம்பவில்லை என்பதே அதன் பொருள். புளி, மஞ்சள், மிளகாய், பருப்பு எல்லாவற்றுக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் விலை. ஆகவே, கடையை விரிவாக்கி டவுன்லைட் பொருத்த நினைப்போர், மின் கட்டணத்தோடு சரக்கின் நிறத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

1. எத்தனை விளக்கு?

வாட் என்பது விளக்கு எடுக்கும் மின்சாரம். லூமன் என்பது அது தரும் ஒளி. அட்டைப் பெட்டியில் இரண்டையும் பாருங்கள்.

40 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கடையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 800 சதுர அடி. அதாவது சுமார் 74 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 லூமன் வீதம் 22,200 லூமன் தேவை. சுவர், அலமாரி, தூசி ஆகியவற்றால் குறைவதை ஈடுகட்ட 0.7 ஆல் வகுத்தால் சுமார் 31,700 வரும். 18 வாட்டில் 1,800 லூமன் தரும் விளக்கு என்றால் 18 போதும். வரிசைக்கு 6 வீதம் 3 வரிசை. விளக்குக்கு விளக்கு 6 அடி 8 அங்குலம். சுவரிலிருந்து 3 அடி 4 அங்குலம்.

இவை நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தால் 3.24 யூனிட் செலவாகும். பழைய 40 வாட் டியூப் லைட் செம்புச் சோக்கோடு சேர்த்துச் சுமார் 52 வாட் எடுக்கும். அப்படி 12 விளக்கு எரிந்தால் 6.24 யூனிட். மாதம் 90 யூனிட் மிச்சம். இதை நம் வணிக இணைப்பின் கட்டணத்தால் பெருக்கினால், போட்ட முதல் எப்போது திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

2. எந்த வெளிச்சம்?

6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். மளிகைக் கடைக்கு இடைப்பட்ட 4000 பொருத்தமானது. அதைவிட முக்கியம், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண். 80க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். சரக்கைப் பிரித்துக் காட்டும் மேடைக்கு மட்டுமாவது 90க்கு மேற்பட்டதைப் போடுங்கள்.

3. டிம்மர் தேவையா?

விற்பனைப் பகுதிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்தாலே போதும். பகலில் வாசல் பக்க வரிசையை அணைத்துவிடலாம். கூட்டம் நடத்தும் மாடி அறை போன்ற இடங்களுக்கு டிம்மர் பயன்படும்.

ஆனால், குண்டு பல்புக்கான பழைய டிம்மரில் எல்.இ.டி.யை மாட்டக் கூடாது. எல்.இ.டி.க்குள் உள்ள டிரைவர்தான் மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றித் தருகிறது. டிம்மர் மின் அலையை வெட்டி அனுப்பும்போது, அதற்கென அமைக்கப்படாத டிரைவர் தடுமாறும். விளக்கு துடிக்கும், ரீங்காரமிடும், விரைவில் பழுதாகும். ஃபேன் ரெகுலேட்டரை டிம்மராகப் பயன்படுத்துவதும் தவறு. 'டிம் செய்யத்தக்கது' என்று குறித்த விளக்கையும், எல்.இ.டி.க்கென விற்கும் டிம்மரையும் சேர்த்தே வாங்குங்கள். டிம்மருக்கு மேல் வரம்பு மட்டுமல்ல, குறைந்தபட்ச வாட் அளவும் உண்டு. ஒன்றிரண்டு சிறு விளக்கு மட்டும் மாட்டினால் துடிக்கலாம்.

4. பாதுகாப்பு

பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதா எனப் பாருங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில், அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் டிரைவர் அவசியம். சீலிங்குக்கு மேல் காற்றோட்டம் இருக்கட்டும். மிளகாய் மூட்டையையும் சாக்குக் கட்டையும் விளக்கை ஒட்டி அடுக்க வேண்டாம். வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

முடிவாக ஒன்று. 18 விளக்கையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் இரண்டை வாங்கி ஒரு வாரம் எரியவிடுங்கள். ஒரு கை புளியை விளக்கின் கீழும், பிறகு வாசல் வெயிலிலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் நிறம் ஒன்றாகத் தெரிந்தால், மீதியை நம்பி வாங்கலாம்.