பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு

டெல்லியில் கரோல் பாக் அருகே புசா ரோடு இருக்கிறது. இந்தப் பெயர் எப்படி வந்தது?

புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். அங்கே 1905-ல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1934 ஜனவரியில் பெரிய பூகம்பம் வந்தது. நிலையத்தின் கட்டடம் பலத்த சேதம் அடைந்தது. 1936-ல் நிலையம் டெல்லிக்கு மாறியது. ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

கம்ப்யூட்டரிலும் இப்படி இடம் மாற்றும் வேலை உண்டு. ஆனால் பூகம்பம் வரும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

அது கம்ப்யூட்டரின் பெட்டகம். கடிதம், கணக்கு, படம் எல்லாம் அதில்தான் இருக்கும். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். அதில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று கையளவு டிஸ்க்கில் ஒரு லட்சம் கோடி ஆங்கில எழுத்துகள் அடங்கும். நிறைய அடங்கும். கெட்டால் நிறையப் போகும்.

புசா ரோடு பக்கம் மனு தட்டச்சு செய்யும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: அக்கா, டிஸ்க்கில் 'டிக் டிக்'னு சத்தம் வருது. இனி இதை நம்ப முடியாது.

அக்கா: உள்ளே நாற்பது பேரோட பென்ஷன் மனு இருக்கே தம்பி!

தம்பி: முதல்ல அதைக் காப்பி எடுப்போம். மத்ததெல்லாம் அப்புறம்.

அக்கா: புரோகிராமையும் அப்படியே காப்பி எடுத்துடலாமா?

தம்பி: பெரும்பாலும் முடியாதுக்கா. ஃபைல் பாத்திரம் மாதிரி. தூக்கிட்டுப் போகலாம். புரோகிராம் தண்ணிக் குழாய் மாதிரி. புது வீட்டில் புதுசாப் பொருத்தணும். டிஸ்க் நல்லா இருக்கும்போதே வந்திருந்தா, முழு டிஸ்க்கையும் நகல் எடுத்திருக்கலாம்.

அக்கா: காப்பி வந்திருச்சு. ஆனா தமிழ் மனுவில் எழுத்தெல்லாம் குழம்பித் தெரியுதே?

தம்பி: மனு கெடலைக்கா. அது யூனிகோடுக்கு முந்தின ஃபாண்ட். அப்போ ஃபாண்டுக்கு ஃபாண்ட் முறை வேற. அந்த ஃபாண்டையும் புது டிஸ்க்கில் போட்டா சரியாத் தெரியும்.

செய்ய வேண்டியவை

1. முக்கியமான ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் எடுங்கள். 'கட்' கொடுக்காதீர்கள். 'காப்பி' கொடுங்கள்.

2. என்னென்ன புரோகிராம், என்னென்ன ஃபாண்ட் என்று தாளில் எழுதுங்கள். லைசென்ஸ் எண்ணையும் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

3. புது டிஸ்க்கில் முதலில் விண்டோஸ் போன்ற அடிப்படைப் புரோகிராமைப் போடுங்கள். பிறகு மற்றவற்றைப் போடுங்கள்.

4. ஃபைல்களைக் கொண்டுவந்து திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பதும் தெரிய வேண்டும்.

5. எல்லாம் சரி என்று தெரியும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். அதைப் பழைய இரும்புக்கும் போடாதீர்கள். 'டெலிட்' கொடுத்தாலும் தகவல் முழுதாக அழியாது. உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் அடையாள அட்டை நகல் அதில் இருக்கலாம். முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். அல்லது உடைத்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகும் முக்கியமான ஃபைல் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று போனால் ஒன்று இருக்கும்.

பேசுவோம்

உங்கள் வீட்டுப் பத்திரங்கள் ஒரே பெட்டியில் இருக்கின்றனவா? பெட்டி தொலைந்தால் என்ன செய்வீர்கள்?

எழுதுவோம்

ஃபைலுக்கும் புரோகிராமுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு வரி எழுதுங்கள்.