சிற்றுண்டிப் பெட்டியும் சர்க்கரைக் கணக்கும்

முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், காலையில் பள்ளிக்குச் சிற்றுண்டி கட்டிக் கொடுப்பது எளிய வேலையாக இருப்பதில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று உறவினர் ஒருவர் ஒன்று சொல்வார். அண்டை வீட்டார் வேறொன்று சொல்வர். சர்க்கரை நோய் என்றதும் முதியவர்களுக்கான பத்தியமே பலர் நினைவுக்கு வருகிறது. அந்தப் பத்தியத்தை வளரும் குழந்தையின் மீது அப்படியே ஏற்றுவது பொருந்தாது. எங்கள் வாடிக்கையாளர் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இச்செய்தியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இரு வகைகளும் ஒன்றல்ல

பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. அதில் உடலில் இன்சுலின் சுரக்கும். ஆனால் அது போதிய பயன் தருவதில்லை. முதல் வகையில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்த நோய் அன்று இது. பெற்றோரின் வளர்ப்புக் குறையும் அன்று. குழந்தை வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து பெற்றாக வேண்டும்.

இன்சுலின் கண்டறியப்படும் முன்பு இந்நோய்க்கு மருத்துவர் கையில் இருந்த ஒரே வழி, உணவைப் பட்டினிக்கு அருகே குறைப்பதுதான். 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோரின் ஆய்வு இன்சுலினைத் தந்தது. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அன்று முதல் கேள்வியே மாறிவிட்டது. எதை விலக்குவது என்ற கேள்வியின் இடத்தில், எவ்வளவு உணவுக்கு எவ்வளவு இன்சுலின் என்ற கேள்வி வந்தது. நூறாண்டு கடந்த பின்னும் நம் வீடுகளில் பழைய கேள்வியே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வரவும் செலவும்

உணவிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது, இது வரவு. இன்சுலினும் ஓட்டமும் விளையாட்டும் அச்சர்க்கரையைக் குறைக்கின்றன; இது செலவு. நலமுள்ள உடலில் கணையம் இக்கணக்கை நொடிக்கு நொடி நேர்செய்கிறது. முதல் வகை நீரிழிவில் அப்பணி பெற்றோரிடமும் குழந்தையிடமும் வந்து சேர்கிறது. வரவு மிகுந்தால் சர்க்கரை ஏறும். செலவு மிகுந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழும்.

ஆகவே, பள்ளிச் சிற்றுண்டிக்கு முதல் இலக்கணம் அதன் மாவுச்சத்து எத்தனை கிராம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. இரண்டாவது இலக்கணமும் அதே அளவு முக்கியமானது: குழந்தை அதை உண்மையிலேயே உண்டு முடிக்க வேண்டும். எவ்வளவு சத்தான உணவாயினும், பெட்டியிலேயே திரும்பி வந்தால் அது எழுதப்பட்டும் செலுத்தப்படாத வரவாகவே நிற்கும்.

முதலில் கேட்க வேண்டியது

குழந்தைக்கு இடைவேளைச் சிற்றுண்டி கட்டாயமா என்பது அது பெறும் இன்சுலின் வகையைப் பொறுத்தது. காலையிலும் இரவிலும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு, காலையில் செலுத்திய மருந்து முற்பகலிலும் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். பத்தரை மணிச் சிற்றுண்டியைத் தவறவிட்டால் சர்க்கரை தாழலாம். ஒவ்வொரு வேளை உணவுக்கும் தனித்தனியே விரைவுவகை இன்சுலின் போடும் குழந்தைக்கும், இன்சுலின் பம்ப் பயன்படுத்தும் குழந்தைக்கும் இக்கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மாறாக, அவர்கள் உண்ணும் சிற்றுண்டிக்கும் இன்சுலின் தேவைப்படலாம். எனவே அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்வோம். இடைவேளையில் என் குழந்தை கட்டாயம் உண்ண வேண்டுமா? எத்தனை கிராம் மாவுச்சத்து? அதற்கு இன்சுலின் வேண்டுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் சமையலறைக்குள் செல்வது எளிது.

சில அளவுகள்

நம் வீட்டு உணவுகளின் மாவுச்சத்தைத் தோராயமாக இவ்வாறு கொள்ளலாம். நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம். சிறிய சப்பாத்தி ஒன்றில் சுமார் 15 கிராம். அரைக் கோப்பை அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம். சிறிய வாழைப்பழத்தில் சுமார் 15 கிராம். 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேர்க்கடலையில் சுமார் 5 கிராம். முட்டையிலும் பனீரிலும் மிகச் சிறிதே உண்டு. ஒவ்வொரு வீட்டின் இட்லித் தட்டும் சப்பாத்திப் பலகையும் வேறு என்பதால், சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி வைப்பது நல்ல முதலீடு. ஒரு மாதம் நிறுத்துப் பழகினால் பிறகு கண்ணே அளவு சொல்லும்.

மருத்துவர் 15 கிராம் என்று சொல்லியிருந்தால், ஒரு சப்பாத்தியில் பனீர்த் துருவலை வைத்துச் சுருட்டித் தரலாம். ஓர் இட்லியைத் துண்டாக்கிப் பொடி தடவி, கைப்பிடி வேர்க்கடலையைச் சேர்க்கலாம். 20 கிராம் எனில் தேங்காய் தூவிய அரைக் கோப்பைச் சுண்டல் போதும். மும்பையிலோ அகமதாபாத்திலோ வாழும் குடும்பமாயின் அவல் உப்புமாவும் டோக்ளாவும் அளந்து தரத் தக்கவையே. புரதமும் நார்ச்சத்தும் கூடிய உணவு மெல்லச் செரிப்பதால் சர்க்கரையும் மெல்லவே ஏறும். பழச்சாற்றைவிட முழுப் பழம் சிறந்தது என்பதற்கும் இதுவே காரணம்.

உறையைப் படிக்கும் முறை

கடையில் வாங்கும் பண்டங்களின் உறையில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற சொற்களைக் கண்டு பலர் நிம்மதியடைகின்றனர். அந்த பிஸ்கட்டிலும் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும்; அம்மாவும் இரத்தத்தில் சர்க்கரையாகவே மாறும். வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்கும் இங்கு எந்தச் சலுகையும் இல்லை.

உறையின் பின்புறத்தில் உள்ள ஊட்டச்சத்துப் பட்டியலில் 'சர்க்கரை' என்ற வரியோடு நின்றுவிடாமல், 'மொத்தக் கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு 75 கிராம் என்று அங்கு இருந்து, ஒரு பிஸ்கட்டின் எடை 6 கிராம் எனில், ஒரு பிஸ்கட்டுக்கு நாலரைக் கிராம் மாவுச்சத்து. மூன்று பிஸ்கட் தின்றால் பதின்மூன்றரைக் கிராம். வட்டிக் கணக்குப் போடும் எவருக்கும் இக்கணக்கு கடினமன்று.

கையிருப்பு ரொக்கம்

குழந்தையின் பையில் சிற்றுண்டிப் பெட்டியோடு இன்னொரு சிறு பையும் இருக்க வேண்டும். இதில் இருப்பது உணவு அன்று, அவசர மருந்து. வங்கியில் வைப்புத்தொகை எவ்வளவு இருப்பினும், நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் உதவுவது கையிலுள்ள ரொக்கமே. சுண்டலும் சப்பாத்தியும் வைப்புத்தொகை போன்றவை. மெல்லப் பயன் தருபவை. சர்க்கரை தாழ்ந்துவிட்ட நேரத்தில் வேண்டியது உடனடியாக இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ்.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் குழந்தைக்குக் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், காரணமின்றிக் கோபமோ அழுகையோ வரும், எழுத்து குழறும். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 கிராம் குளுக்கோஸ் தர வேண்டும். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 9 கிராம். 50 கிலோ எடைக்கு 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரையோ, நீரில் கரைத்த குளுக்கோஸ் பொடியோ, அதுவும் இல்லையெனில் சாதாரணச் சர்க்கரையோ போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, இன்னும் தாழ்வாக இருந்தால் அதே அளவை மறுபடி தர வேண்டும். சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும்.

குழந்தை மயங்கியிருந்தாலோ விழுங்க இயலாத நிலையில் இருந்தாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவர் முன்பே அறிவுறுத்தியிருந்தால் குளுக்ககான் செலுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்த குழந்தையைத் தண்ணீர் குடிக்கவோ ஓய்வறைக்கோ தனியே அனுப்புவதும் ஆபத்து. அவசரப் பையை வாரம் ஒருமுறை சோதித்து, குறைந்ததை நிரப்பி வைப்போம். ஒன்று குழந்தையிடமும் மற்றொன்று வகுப்பாசிரியரிடமும் இருப்பது நலம்.

விளையாட்டு நாளும் பிறந்த நாளும்

உடற்பயிற்சி வகுப்பு உள்ள நாளில் செலவு கூடும். மருத்துவர் சொல்லும் அளவில், விளையாட்டுக்கு முன் சிறிது கூடுதல் மாவுச்சத்து தேவைப்படலாம். பள்ளியின் கால அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, விளையாட்டு நாள்களை வண்ணமிட்டு வைத்தால் காலையில் தடுமாற்றம் இராது.

வகுப்புத் தோழனின் பிறந்த நாளில் கேக் வரும். முற்றிலும் தடுத்தால், மறைத்து உண்ணும் பழக்கம் உருவாகும். முந்தைய நாளே ஆசிரியர் ஒரு வரித் தகவல் அனுப்பினால், கேக்கின் அளவுக்கேற்ப இன்சுலினைத் திட்டமிடலாம். அல்லது அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலை உணவோடு உண்ணச் செய்யலாம்.

பிள்ளைகள் உணவைப் பகிர்ந்துகொள்வார்கள். காலியாகத் திரும்பிய பெட்டி, அதை நம் குழந்தைதான் உண்டது என்பதற்குச் சான்றாகாது. பகிர்வைத் தடை செய்வதைவிட, பகிர்வதற்கென்றே வெள்ளரித் துண்டுகளையும் பனீர்த் துண்டுகளையும் தனியே வைத்து அனுப்பலாம். எண்ணி வைத்த பங்கு தனக்கு, எண்ணாமல் வைத்தது தோழர்களுக்கு என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

மாலையில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கும் தொனியில் அதட்டல் இருக்கலாகாது. பாதியை மிச்சம் வைத்ததற்கும், நண்பன் தந்த ஜிலேபியைத் தின்றதற்கும் திட்டு விழுமென்று அறிந்த குழந்தை பொய் சொல்லத் தொடங்கும். கணக்கில் பொய் நுழைய அச்சமே பெரும்பாலும் காரணம் என்பதை வங்கித் தொழிலில் உள்ளோர் அறிவோம். பொய்யான தகவலை நம்பிப் போடும் இன்சுலின் அந்த ஜிலேபியைவிடக் கேடு செய்யும்.

பள்ளியுடன் ஓர் உடன்படிக்கை

வகுப்பு நடக்கும்போது உண்ணக்கூடாது என்பது பல பள்ளிகளின் விதி. இக்குழந்தைக்கு அவ்விதியில் விலக்கு கேட்பது சலுகை நாடுவதாகாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டில், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல அனுமதி அளித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டில், இக்குழந்தைகள் பள்ளியில் சர்க்கரையைப் பரிசோதிக்கவும், இன்சுலின் செலுத்திக்கொள்ளவும், இடைவேளைச் சிற்றுண்டி உண்ணவும் இடமளிக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவரின் சான்றிதழோடு ஒரு பக்கக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுப்போம். சர்க்கரை தாழ்வின் அறிகுறிகள், தர வேண்டிய குளுக்கோஸின் அளவு, பெற்றோர், மருத்துவர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். வகுப்பாசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர், பேருந்து உதவியாளர் ஆகிய மூவரிடமும் அதன் படி சேர வேண்டும். பேருந்து உதவியாளரைப் பலர் மறந்துவிடுகின்றனர். நெரிசலில் பேருந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் குழந்தையின் அருகில் இருக்கப்போகிறவர் அவர்தான்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை படிக்கலாம், ஓடலாம், தோழர்களோடு அமர்ந்து உண்ணலாம். அளவு தெரிந்த, மனம் விரும்பி உண்ணும் சிற்றுண்டி ஒன்று, அவசரத்துக்குக் குளுக்கோஸ் ஒன்று, நடந்ததை நடந்தவாறே சொல்லும் துணிவு ஒன்று: இம்மூன்றும் நாள்தோறும் பையில் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புவோம். நாளடைவில் இக்கணக்கைப் பெற்றோரிடமிருந்து குழந்தையே வாங்கி எழுதத் தொடங்கும்.