பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைக்கும் குடும்பம் வேண்டும்



இந்த மாத வாழ்வியல் பாடத்துக்குக் குறைமாதக் குழந்தைகளைப் பற்றி எழுதுகிறேன். "எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, இது எங்களுக்கு எதுக்கு?" என்று உங்களில் பலர் நினைக்கலாம். உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று நாள் நிறையாமல் பிறக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டு மட்டும் அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். நாளைக்கு உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ இது நடந்தால், கார் ஓட்டிக்கொண்டு போகவும், டாக்டரிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசவும், வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் பெரும்பாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் குறைமாதக் குழந்தைகள் வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள். அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம் செய்யும் உதவி சிகிச்சைக்கு வெளியே நிற்கும் விஷயம் இல்லை. அதுவும் சிகிச்சைதான்.

குறைமாதம் என்றால் என்ன?

கர்ப்பம் முழுமை அடைய ஏறக்குறைய 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் மிகவும் ஆபத்தான நிலை. எடையில் பார்த்தால், 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைந்த எடை.

"ஏழு மாசப் பிள்ளை பொழைக்கும், எட்டு மாசப் பிள்ளை பொழைக்காது" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான்.

அப்படி என்ன குறை? முதலாவது நுரையீரல். அதன் சின்னஞ்சிறு காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சர்ஃபெக்டண்ட் என்னும் ஒரு பொருள் உள்ளே பூசினாற்போல இருக்க வேண்டும். குறைமாதத்தில் அது போதாது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் இந்த மூச்சுக் கோளாறால் இறந்துபோனான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, இந்தப் பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தி நல்ல பலன் கண்டதாக அறிவித்தார். இன்று அந்த வாரத்தில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, உடல் சூடு. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் சூடு சீக்கிரம் போய்விடும். மூன்றாவது, பால் குடிப்பது. உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாயில்தான் பால். நான்காவது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு.

வார்டுக்குள் போகும்போது

முதல் தடவை போகிறவர்கள் பயந்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், நெஞ்சில் ஒட்டிய வயர்கள், ஓயாமல் அடிக்கும் அலாரம். அலாரம் அடித்தால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. காலில் கட்டிய வயர் நழுவினால்கூட அது அடிக்கும். பெட்டி சூட்டுக்கு. குழாய் மூச்சுக்கோ பாலுக்கோ. நீல விளக்கு மஞ்சளுக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பயம் போய்விடும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சளி, இருமல் இருந்தால் வெளியிலேயே நின்றுவிடுங்கள். அதுவும் பிள்ளைக்குச் செய்கிற உதவிதான். கோயில் கயிறு, விபூதி, பிரசாதப் பூ இவற்றைப் பெட்டிக்குள் வைக்கக் கேட்காதீர்கள். தாயின் கைப்பையிலோ வீட்டுச் சாமி அறையிலோ இருக்கட்டும். பெட்டியோரம் நின்று மெல்லிய குரலில் தேவாரம் பாடிய தாத்தா ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இன்றைய எடை, மூச்சுக்கு என்ன உதவி, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால், டாக்டர் சொன்னது, கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் தேதி போட்டு எழுதட்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசி மற்றவர்களுக்குச் சொன்னால் குழப்பம் இருக்காது. வாட்ஸ்அப்பில் இருபது பேர் "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், பதில் எழுதியே அந்தத் தாய் சோர்ந்துவிடுவாள்.

தாய்ப்பால் என்னும் மருந்து

குறைமாதக் குழந்தையின் குடல் மிக மென்மையானது. குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் அவர்களுக்கு வரக்கூடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவாக வருகிறது. அதனால்தான் முதல் நாள் வரும் சில சொட்டுச் சீம்பாலைக்கூடத் தாதிகள் வீணாக்க விடமாட்டார்கள்.

ஆனால், பிள்ளை வாய் வைத்துக் குடிக்காதபோது பால் தானாக நிலைக்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே எடுக்கத் தொடங்கி, 24 மணி நேரத்தில் 8 தடவையாவது, இரவிலும், பாலை எடுக்க வேண்டும். இதைத் தனியாக ஒரு பெண் எத்தனை நாள் செய்வாள்? பாட்டில்களைக் கழுவிக் கொதிக்க வைப்பது, நாளும் நேரமும் எழுதி ஒட்டுவது, ஐஸ் வைத்த பெட்டியில் வார்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் கணவனும் தம்பியும் நாத்தனாரும் செய்யக்கூடிய வேலைகள். "ஒனக்குப் பால் பத்தல" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கவலையும் களைப்பும் பால் வருவதைத் தாமதப்படுத்தும்.

நெஞ்சோடு நெஞ்சு

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் போட வேண்டியிருந்தது. எட்கர் ரெய் என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று நாம் சொல்வது அதுதான். ஏழை நாட்டுக்கான மாற்று வழி என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள்.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் அது நடந்தது. பிறந்த உடனே கங்காரு முறையைத் தொடங்கியபோது, உடல்நிலை சீரான பிறகு தொடங்குவதைவிட, 28 நாட்களுக்குள் நேரும் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், கூடிய சீக்கிரம் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

தாயால் முடியாத நேரத்தில் தகப்பன் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். எப்போது தொடங்கலாம் என்று டாக்டரையும் தாதியையும் கேளுங்கள். சட்டைப் பட்டனைக் கழற்றி உட்காரக் கூச்சப்பட்ட அப்பாக்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் பிள்ளையின் மூச்சும் இதயத் துடிப்பும் சீராவதை மானிட்டரில் பார்த்ததும், மறுநாள் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள்.

முப்பது நாள் கணக்கு

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வெளியே போகக்கூடாது, பத்தியச் சாப்பாடு, தலையில் துணி, சுடுநீர்க் குளியல். இந்த வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ரத்தம் இழந்த உடம்புக்கு ஓய்வு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை, பிள்ளைக்கு வெளிநோய் தொற்றாமல் பாதுகாப்பு என்று அதற்குள் நல்ல நோக்கம் இருக்கிறது. ஆனால் அது தாயும் பிள்ளையும் ஒரே பாயில் இருந்த காலத்துக்கான ஏற்பாடு. பிள்ளை ஆஸ்பத்திரியிலும் தாய் அறைக்குள்ளும் இருந்தால், அதே வழக்கம் இருவரையும் பிரித்துவிடுகிறது.

ஒரு தாய் மூன்று வாரம் வரவே இல்லை. "வீட்ல விடல சிஸ்டர்" என்று போனில் அழுதாள். அவள் வந்தபோது பால் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. பிள்ளையைத் தொடவும் பயந்தாள். அதே காலத்தில் இன்னொரு வீட்டு மாமியார் என்ன செய்தார் தெரியுமா? காலை ஐந்து மணிக்கே பூண்டுக் குழம்பும் மீனும் சமைத்து டிபன் கேரியரில் கட்டி, மருமகள் காதில் பஞ்சு, தலையில் துணி, காலில் சாக்ஸ் எல்லாம் போட்டுத் தானே கூட்டிவந்தார். "பத்தியமும் கெடக்கூடாது, புள்ளையும் ஏங்கக்கூடாது" என்றார். வழக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் சூட்டும் சடங்கும் அப்படித்தான். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், அல்லது வேறு நல்ல நாள் என்று தர்ம சாத்திரமே இடம் விட்டிருக்கிறது. பிள்ளை வீடு வந்த பிறகு தொட்டில் போடலாம். தெய்வக் குற்றம் எதுவும் வராது.

வீட்டுக்கு வந்த பிறகு

சாம்பிராணிப் புகையும் சிகரெட் புகையும் இந்தப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆகாது. சேனை வைக்கிறோம் என்று தேன், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்க விடுங்கள். மஞ்சள் தெரிந்தால் காலை வெயிலை நம்பி உட்காராமல் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் அளவுக்கு மீறினால் மூளையைப் பாதிக்கும். நம் நாட்டில் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். அந்தக் குறை இருந்தால் அலமாரியில் போடும் பாச்சை உருண்டைகூட ஆபத்து.

கண் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போகக்கூடும். குறிப்பிட்ட நாட்களுக்குள் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். தடுப்பூசிக்குப் பிறந்த தேதியைக் கணக்கு வையுங்கள். தவழ்வது, உட்காருவது போன்றவற்றுக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மூச்சு வேகமாகி நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, உடல் சுடுவது அல்லது சில்லிடுவது: இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

நம் கிளைகள் செய்யக்கூடியவை

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தகப்பனுக்கு 7 நாள். பிள்ளை வார்டில் இருக்கும்போதே இதில் பாதி ஓடிவிடும். அங்கேதான் நாம் தேவைப்படுகிறோம். கார் இல்லாத தாயை வாரம் இரண்டு நாள் அழைத்துப் போகலாம். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்குப் பள்ளிப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். பணக் கஷ்டம் இருந்தால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்கத் துணைக்குப் போகலாம். ரத்த தான முகாமில் நம் கிளை பேர் முன்னால் இருக்கட்டும். இந்தச் சின்ன உடம்புகளுக்கும் ரத்தம் தேவைப்படுகிறது.

நாவையும் கொஞ்சம் காக்க வேண்டும். "நீ அத தின்ன, இங்க போன, அதான்" என்று தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். பல சமயம் டாக்டர்களுக்கே காரணம் தெரிவதில்லை. "புள்ள பொறந்த நேரம் சரியில்ல" என்ற பேச்சும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், அழுகையோடு, பிள்ளைமேல் பற்றில்லாமல் ஒரு தாய் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது "இன்னொன்னு பொறக்கும், விடு" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். சில நாள் வாழ்ந்தாலும் அது அந்த வீட்டுப் பிள்ளை.

வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் முப்பது நாள் வழக்கம் எப்படி நடக்கிறது? பிள்ளை வார்டில் இருந்தால் அதில் எதை வைத்துக்கொள்வீர்கள், எதை மாற்றுவீர்கள்?

2. பாட்டியின் மனம் நோகாமல் சாம்பிராணியும் சேனையும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

3. உங்கள் தாமானிலிருந்து மருத்துவமனைக்குத் தினமும் போக வேண்டிய ஒரு தாய்க்கு ஒரு வார உதவி அட்டவணை தயாரியுங்கள். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பெயரோடு எழுதுங்கள். எழுதியதைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். தேவை வரும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.