ஏலத்துக்குப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

ஏலம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீட்டுதான். பணமுடை வந்த மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியவர்களுக்கு எவ்வளவு கையில் நின்றது என்று உனக்கே தெரியும். சாமான் ஏலமும் அதே கதைதான், தங்கச்சி. ஆத்திரப்பட்டுக் கேட்கிறவர் கொடுக்கிற காசில்தான் அங்கே மற்றவர்கள் லாபம் பார்க்கிறார்கள்.

தனிக்குடித்தனத்துக்கு மேசை, பீரோ, அண்டா என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறாய். ஊரில் பாட்டி வீட்டைக் காலி செய்ய வேண்டிய வேலையும் உன் தலையில் விழுந்திருக்கிறது. வாங்குவது, விற்பது இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எந்த ஏலத்துக்குப் போகிறாய் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள். வீட்டுச் சாமான்களுக்கென்றே ஏலக்கூடம் நடத்துகிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் ரசல் தெருவில் 1940இல் தொடங்கிய ரசல் எக்ஸ்சேஞ்ச் இந்த வகைக்குப் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை ஏலம்தான் அதன் அடையாளம். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் கழித்துக்கட்டும் மேசை நாற்காலிகளுக்கு ஏல அறிவிப்பு செய்தித்தாளில் வரும். ஆனால் அங்கே ஒரு நாற்காலியைத் தனியாகக் கேட்க முடியாது. நாற்பதும் ஐம்பதுமாகக் கட்டி ஒரே லாட்டாக விடுவார்கள். அபார்ட்மென்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தால் மட்டும் போ.

கோயில், சர்ச் ஏலங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலத்தில் எடுப்பவர் ஜவுளிக்கடை விலையா பார்க்கிறார்? நெல்லை, குமரிப் பக்கம் சர்ச் பண்டிகைகளில் ஒரு வாழைத்தாருக்குச் சந்தை விலையைப் போல் பல மடங்கு கொடுப்பார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்திய எலுமிச்சம்பழம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அது காணிக்கை, அங்கே கொடுத்தது அதிகம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்த மனசோடு ஏலக்கூடத்துக்குப் போய் இட்லிப் பானையைக் கேட்டுவிடாதே.

முந்தின நாள்தான் முக்கியம்

ஏலத்துக்கு முன்னால் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். நான் ஏலத்தன்றுகூடத் தாமதமாகப் போவேன். பார்வை நாளைத் தவறவிட மாட்டேன். ஏனென்றால் ஏலத்தில் விற்கிற பொருள் ‘உள்ளது உள்ளபடி’தான். வீட்டுக்குக் கொண்டுபோனபின் கால் ஆடுகிறது, கதவு மூடவில்லை என்றால் கேட்க நாதி இல்லை. டார்ச், இஞ்ச் டேப், ஒரு காந்தம், பழைய துணி, இவ்வளவு போதும். உன் வீட்டு வாசற்படி அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் முதலிலேயே அளந்து எழுதிக்கொண்டு போ. மூன்று கதவு அலமாரியை மாடித் திருப்பத்தில் சிக்கவைத்துவிட்டு, ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் கூலிக்காரரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரச்சாமானை முன்பக்கம் பார்த்து மயங்காதே. பாலிஷ் எல்லாம் முன்பக்கத்துக்குத்தான். இழுப்பறையை முழுசாக வெளியே உருவு. அடிப்பலகையையும் பின்பலகையையும் பார். முழுத் தேக்கு என்றால் பலகையின் மேல் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கும். மேலே தேக்குத் தகடு ஒட்டிய பிளைவுட் என்றால் விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், அல்லது அதை மறைக்க ஒரு பட்டை ஒட்டியிருக்கும். இழுப்பறை மூலையில் விரல்களைக் கோத்ததுபோல் மரத்தோடு மரம் பூட்டியிருந்தால் ஆசாரி வேலை. வெறும் ஆணி என்றால் அதற்குத் தக்க விலைதான்.

குண்டூசித் தலை அளவில் ஓட்டை இருக்கிறதா, கீழே மாவு கொட்டியிருக்கிறதா என்று பார். ஓட்டை மட்டும் இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். துணியால் துடைத்தபிறகும் வெளிர்நிறத்தில் புது மாவு உதிர்ந்தால் உள்ளே மரம் துளைக்கும் பூச்சி இன்னும் வேலை செய்கிறது. அதை வாங்கினால் உன் வீட்டு நிலைக்கதவுக்கும் சேர்த்து வாங்கி வருகிறாய். கட்டில், சோபா என்றால் மூட்டுவாய்களிலும் தையல் மடிப்பிலும் டார்ச் அடி. கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. அதற்கப்புறம் பேச்சே வேண்டாம், நகர்ந்துவிடு.

‘யார் செத்த கட்டிலோ’ என்று அம்மா சொல்வாள். உன் மாமியாரும் சொல்லலாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் வீட்டில் தினமும் ஒருவர் முகம் சுளிக்கிற பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நிம்மதி தராது. கட்டிலை விட்டுவிடு, மேசையை எடு. கட்டிலைப் பலர் தவிர்ப்பதால்தான் நல்ல தேக்குக் கட்டில்கூடச் சில நேரம் விறகு விலைக்குப் போகிறது என்பது வேறு விஷயம்.

பித்தளை, வெண்கலத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு: எடைக்கு ஒரு விலை எப்போதும் இருக்கிறது. போவதற்கு முன் உன் தெருப் பாத்திரக் கடையில் பழைய பித்தளை கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள். அண்டாவைத் தூக்கிப் பார்த்து எடையைக் குத்துமதிப்பாகப் போட்டால் தரை விலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெண்கல உருளியை விரல் மடக்கித் தட்டு. கணீர் என்று இழுத்து நின்றால் நல்லது, மொட்டையாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல். குடம், அண்டா என்றால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார், ஓட்டை தெரியும். சமைக்க என்றால் ஈயம் பூசும் செலவையும் சேர்த்துக்கொள். ‘பித்தளை’ என்று சொல்லி முலாம் பூசிய இரும்பை வைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். குத்துவிளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றிப் பார். மரை தேய்ந்த விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

இரும்பு பீரோவுக்குச் சாவி இருக்கிறதா, உள்லாக்கர் திறக்கிறதா, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று மூன்றைப் பார்த்தால் போதும். பழைய சிங்கர் தையல் மிஷினில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். அதை வைத்து எந்த வருடத்துத் தயாரிப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். விற்பவர் சொல்லும் ‘நூறு வருஷத்துப் பொருள்’ கதையை அங்கேயே சரிபார்க்கலாம். பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் பக்கம் மட்டும் போகாதே. பழசு மாதிரி புதிதாகச் செய்து விற்பது அதில் ரொம்பச் சகஜம்.

மோட்டார் உள்ள எதையும் பிளக்கில் மாட்டி ஓடவிட்டுக் காட்டாமல் வாங்காதே. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இதுதான். ‘கரண்ட் பாயின்ட் இல்லை மேடம்’ என்றால் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போ.

உச்ச விலையை வீட்டிலேயே எழுது

கையைத் தூக்குகிற விலை வேறு, வீடு வந்து சேர்கிற விலை வேறு. பின்னாலிருந்து கணக்குப் போடு. உதாரணத்துக்கு, ஒரு தேக்கு அலமாரி செகண்ட் ஹேண்ட் கடையில் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள். குட்டி யானை வாடகை 1,500, ஏற்றி இறக்கக் கூலி 800, ஆசாரிக்கும் பாலிஷுக்கும் 3,000. இவை போக மிச்சம் 8,700. ஏலக்காரர் உன்னிடம் 10 சதவீதம் கமிஷன் வாங்குகிறார் என்றால் நீ கேட்க வேண்டிய உச்சம் 7,900 ரூபாய். வரி உண்டென்றால் இன்னும் குறையும். அந்தத் தொகையைக் கையில் உள்ள தாளில் எழுதிக்கொள். அதைத் தாண்டினால் கடையிலேயே வாங்கலாமே, ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்குவானேன்?

கமிஷன் எவ்வளவு, வரி எதன்மேல், முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் சாமானை எடுத்துப்போக வேண்டும், தாமதமானால் தினவாடகை உண்டா என்று டோக்கன் வாங்கும்போதே கேட்டுவிடு. சுவரில் ஒட்டியிருக்கும் நிபந்தனைத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொள்.

ஏலம் நடக்கும்போது பின்வரிசையில் சுவரோரமாக நில். யார் கேட்கிறார்கள் என்பது முன்னால் உட்கார்ந்தால் தெரியாது. வியாபாரிகளை முகம் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். அவர்கள் திரும்ப விற்று லாபம் பார்க்க வேண்டியவர்கள், அதனால் ஓர் இடத்தில் நின்றுவிடுவார்கள். வியாபாரி நிறுத்திய இடத்துக்கு மேல் ஒரு படி கேட்டு எடுத்தால் பெரும்பாலும் மோசம் போகாது. இரண்டு குடும்பத்தலைவிகள் ரோஷத்தில் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த லாட்டை மறந்துவிடு. சில இடங்களில் வியாபாரிகள் சிண்டிகேட் போட்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அங்கே வெளியாள் ஒருவர் நுழைந்தால் வேண்டுமென்றே விலையை ஏற்றி விரட்டப் பார்ப்பார்கள். நீ எழுதி வைத்த தொகை வரும்வரை கேள், வந்ததும் நிறுத்து.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுந்து, அல்லது மூன்றாம் தரம் சொல்லி முடித்தபின்தான் விற்பனை முடிகிறது. அதற்கு முன்னால் கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு லாட்டும் தனி வியாபாரம். விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டி அறிவிக்காமல், ஆள் வைத்துக் கேட்டு விலையை ஏற்றினால் அது மோசடியாகக் கருதப்படும்; போலிக் கேள்வியால் விலை ஏறியது தெரிந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். நிரூபிப்பது கஷ்டம்தான். ஆனால் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் நழுவினால் முன்பணம் போய்விடும், இதில் சந்தேகமே இல்லை.

பாட்டி வீட்டுச் சாமான்

விற்கப் போகும்போது முதல் வேலை, அக்கா தங்கை, சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் ஒரு தாளில் சம்மதம் வாங்குவது. வாய்ச்சொல் போதாது. நம் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும். ‘அது என் அம்மா சீரில் வந்தது’ என்று அத்தை ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஏலத்தில் போன குடத்தை எங்கே தேடுவாய்? பேர் வெட்டிய பாத்திரங்களைத் தனியாக அடுக்கி, வாட்ஸப் குரூப்பில் படம் போட்டு, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுவிடு. ஒவ்வொரு இழுப்பறையிலும் அடியில் விரித்த செய்தித்தாளைத் தூக்கிப் பார். பத்திரம், பட்டா, எல்.ஐ.சி. தாள் எல்லாம் அங்கேதான் தூங்கும்.

பளபளப்பாக இருந்தால் விலை வரும் என்று புளி போட்டுத் தேய்க்காதே, தேக்குத் தூணுக்குப் பெயின்ட் அடிக்காதே. பழம்பொருள் வாங்குகிறவர் அந்தக் கறுத்த நிறத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். தூசி தட்டினால் போதும். நசுங்கின, ஓட்டையான பாத்திரங்களை எடைக்கடையிலேயே போடு; ஏலத்துக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைகூடக் கட்டாது. காலம் என்றால் ஆடியும் மார்கழியும் வேண்டாம் என்பேன். வீடு மாறுகிறவர்கள் குறைவு, கேட்க ஆளும் குறைவு. அதே காரணத்தால் வாங்கப் போக அவைதான் நல்ல மாதங்கள்.

இதை மட்டும் கவனமாகக் கேள். தாத்தா காலத்து மான் கொம்பு கூடத்தில் மாட்டியிருந்தால் அதை விற்கக் கூடாது. தந்தப் பொம்மையும் அப்படித்தான். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ‘வீட்டில் இருந்ததுதானே’ என்ற பேச்சு எடுபடாது. உரிமைச் சான்று இல்லாவிட்டால் வனத்துறையிடம் கேட்டு நடந்துகொள். அதே வருடத்தில் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் எல்லாம் தொல்பொருள். அவற்றைத் தொல்லியல் துறையில் பதிய வேண்டும், விற்கிற வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பூஜை அறை ஐம்பொன் சிலையை ‘ரேட் பேசலாம்’ என்று யாராவது வீடு தேடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

ஏலக்காரரிடம் கொடுக்கும் நல்ல பொருள் ஒவ்வொன்றுக்கும் இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ரிசர்வ் விலை எழுது. அதை ரொம்ப ஏற்றி வைத்தால் பொருள் விற்காமல் திரும்பும், திரும்ப எடுத்துவரும் வாடகையும் உனக்குத்தான். கடை விலையில் பாதிக்குப் பக்கத்தில் வைப்பது என் பழக்கம். விற்பவரிடம் எத்தனை சதவீதம் கமிஷன், விற்காவிட்டால் ஏதாவது கட்ட வேண்டுமா, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும், உடைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பொருள்களின் பட்டியல், எண்ணிக்கை, பித்தளை என்றால் எடை, ஏலக்காரர் கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ள ரசீது கைக்கு வராமல் ஒரு கரண்டியைக்கூட வண்டியில் ஏற்றவிடாதே.