கழற்றிக்கொண்டு போகக் கூடியதை மட்டும் வாங்கு

சேலம்

அன்பு மாப்பிள்ளை,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்டை நிதானமாகப் பார்த்தேன். ஐ5-4460 பிராசசர், ஹெச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க். கையில் 15,000 ரூபாய். புது ரேம் வாங்கி 16 ஜிபி ஆக்கவா, ஐ7 போடவா, ஈரோட்டில் ஒருத்தர் தருகிற ஆர்எக்ஸ் 580-ஐ வாங்கவா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செலவில்லாத வேலை. உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது தறிக்கூடத்துக்கு ஒட்டிய அறையில். உங்கள் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்திலிருந்து சர்வீஸுக்கு வருகிற பெட்டிகளைத் திறக்காமலே எனக்கு அடையாளம் தெரியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிராசசர் ஃபேனைத் தூக்கிப் பார். அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகத்தான் சுற்றும், காற்று மட்டும் உள்ளே இறங்காது. பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆரம்பத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்து இழுக்கிறது என்றாயே, சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

மெல்லிய பிரஷ்ஷால் துடை. பிளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், அது காற்றில் தாறுமாறாகச் சுற்றக் கூடாது. தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வை. இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் போர்டுக்கு அடியில் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பார்; ஒன்று தூக்கிக்கொண்டாலும் சூடு இறங்காது. பிறகு ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு 20 நிமிஷம் விளையாடி, வெப்பத்தைக் குறித்து வை. சித்திரை வெயிலுக்கு முன்னால் செய்துவிடு.

இனிப் பணம் பிடிக்கிற விஷயம். எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான்: இந்தப் பெட்டிக்கு வாங்குகிற பொருள், நாளைக்கு இதைத் தூக்கிப் போட்டால் அடுத்த பெட்டிக்குக் கூட வருமா? வரும் என்றால் வாங்கு. வராது என்றால், சும்மா கொடுக்கிற விலைக்குக் கிடைத்தாலொழியத் தொடாதே. டிடிஆர்3 ரேம் வராது, டிடிஆர்4 ஸ்லாட்டில் அது உட்காரவே உட்காராது. ஐ7-4790 வராது, அந்த சாக்கெட் புதிய போர்டுகளில் இல்லை. பழைய ஆபீஸ் பெட்டியைப் பிரிக்கிற யாரிடமாவது சில நூறு ரூபாய்க்கு டிடிஆர்3 கிடைத்தால் போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை. புதிதாக வாங்காதே.

“அப்போ போர்டோடு எல்லாத்தையும் மாத்திடறேன்” என்பாய். நேரம் சரியில்லை, கண்ணு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக்கொண்டிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போய்க்கொண்டிருப்பதால் நம் மாதிரி ஆட்களுக்கு வருவது குறைந்துவிட்டது. மைக்ரான் கம்பெனி, கடையில் விற்கிற க்ரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் 15,000 ரூபாயில் போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் வாங்கினால் மூன்றுமே அரைகுறையாகத்தான் வரும். பழைய பெட்டியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிக்கொண்டே, கூட வருகிற பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்.

அதில் முதல் பொருள் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. இதைச் சொன்னால் உன் வயசுப் பசங்களுக்கு முகம் சுருங்கிவிடும், இதனால் ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது. உன் பெட்டியில் இருப்பது “450 வாட்ஸ்” என்று பெரிசாக எழுதிய லோக்கல் சரக்கு. அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார். 16 என்று இருந்தால் 12 x 16 = 192 வாட். உன் பிராசசருக்கும் கார்டுக்கும் நிஜமாக அது கொடுப்பது அவ்வளவுதான், அதுவும் லேபிள் பொய் சொல்லாமல் இருந்தால். உன் பிராசசருக்கு 84 வாட், நீ கேட்ட ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட், கூட்டிப் பார். 750 டிஐ வெறும் 60 வாட் கார்டு, அதனால்தான் இத்தனை வருஷம் தப்பித்தாய். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரையும் ஐந்து வருஷ வாரண்டியும் உள்ள நல்ல கம்பெனி 550 வாட் ஒன்று வாங்கு. செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும் எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்காதே.

இரண்டாவது, சாட்டா எஸ்எஸ்டி. என்விஎம்இ வேண்டாம், உன் போர்டில் அதற்கு இடமே கிடையாது. ஹெச்81-ல் வேகமான சாட்டா போர்ட் இரண்டுதான். போர்டில் எழுதியிருக்கும், பார்த்துச் சொருகு. விண்டோஸும் நீ தினமும் ஆடுகிற கேமும் எஸ்எஸ்டியில், மற்றது பழைய டிஸ்க்கில்.

விண்டோஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதைச் செய்துவிடு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும், உன்னுடையது நான்காம் தலைமுறை. யூடியூபில் காட்டுகிற குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிவிடலாம்தான். ஆனால் 11-ல் வாலரண்ட், டிபிஎம் 2.0 இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் திறக்காது. நீ ஆடுவதே வாலரண்ட்தான்!

மூன்றாவதுதான் கார்டு. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கேம் ஓடும்போது ஆஃப்டர்பர்னரில் ஜிபியு உபயோகம் எவ்வளவு என்று பார். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60-ல் நின்றுகொண்டு கேம் இழுத்தால் பிராசசர் திணறுகிறது, எந்தக் கார்டு போட்டும் பயனில்லை. வாலரண்ட்டிலும் சிஎஸ்2-விலும் உனக்கு இரண்டாவதுதான் வரும் என்பது என் கணிப்பு. ஜிடிஏ 5-ல் கார்டு உதவும். ஜிடிஏ 6-ஐ மனசில் வைத்து எதையும் வாங்கிவிடாதே. அதை இதுவரை கன்சோலுக்குத்தான் அறிவித்திருக்கிறார்கள்.

ஈரோட்டுக்காரர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் “2048எஸ்பி” என்று இருக்கிறதே, கவனித்தாயா? அது கார்டுக்குள் இருக்கிற ஷேடர் கோர்களின் எண்ணிக்கை; உண்மையான ஆர்எக்ஸ் 580-ல் அந்த எண் 2304. 2048 என்பது ஆர்எக்ஸ் 570-ன் கணக்கு. பெயர் மட்டும் 580. 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் நின்றுபோன பிறகு, ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. துடைத்துப் பளபளவென்று வைத்தால் எது மைனிங் கார்டு என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 மலிவாக வரும், அதுவும் வேண்டாம். அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. புதுசு, வாரண்டி இருக்கிறது என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைக் காட்டுவார்கள். அது 4 லேனில் மட்டும் பேசுகிற கார்டு. உன் போர்டின் ஸ்லாட்டோ பழைய பிசிஐஇ 2.0. மூச்சு முட்டும்.

உனக்கு நான் சொல்வது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், செகண்ட் ஹேண்டில். 125 வாட், 6 ஜிபி, 16 லேனையும் பயன்படுத்தும், அடுத்த பெட்டிக்கும் கூட வரும். கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்க்க முடிந்தால் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். எதுவானாலும் நேரில் போய், ஜிபியு-இசட் திறந்து பார்த்து, 20 நிமிஷம் கேம் ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, இல்லாவிட்டால் சேலத்துக்கு வா. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூர் எஸ்பி ரோட்டிலிருந்தோ கூரியரில் வரவழைத்தால், கெட்டுப்போனதைத் திருப்பி அனுப்புகிற பாடு உனக்குத்தான். விலையை நான் எழுதவில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

இன்னொன்று. பெட்டிக்குத் தறி லைனிலிருந்து ஒயர் இழுத்திருப்பதாக அக்கா சொன்னாள். உடனே எடுத்துவிடு. அரசு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் தருவது தறிக்குத்தான். ஈபிக்காரர் பார்த்தால் மாட்டிக்கொள்வது உங்கப்பா. மோட்டார் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கி ஏறுவது பெட்டிக்கும் நல்லதில்லை. வீட்டு லைனில், எர்த் சரியாக இருக்கிற பிளக்கில் போடு. 250 வாட் இழுக்கிற பெட்டி தினமும் நாலு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. உங்கள் வீட்டு பில் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் உஷாராக இரு. அதைத் தாண்டினால் கூடின யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் ஏறும். அப்புறம் உங்கப்பா பெட்டியையே ஆஃப் பண்ணச் சொல்வார், நான் நடுவில் வர மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் போட்டோ எடுத்து, சுத்தம் செய்த பிறகு வந்த வெப்பக் கணக்கோடு அனுப்பு. ஈரோட்டுக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாயென்றால் எவ்வளவு என்று சொல், பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா